அழைப்பிதழில் ‘அமரர்’ என்று போடச் சொல்கிறார்கள்

மதிப்புக்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நான் கிளிநொச்சி மாவட்டத்தில், தருமபுரத்துக்குக் கிட்டிய ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். எனக்கு 48 வயது. மகளுக்கு 25, மகனுக்கு 18. 2009 ஆம் ஆண்டு வைகாசி மாதம், போரின் கடைசி நாட்களில், நாங்கள் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தபோது, வரிசையில் நின்ற என் கணவரை இராணுவத்தினர் பெயர் சொல்லி அழைத்துத் தனியே கூட்டிச் சென்றார்கள். விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவோம் என்றார்கள். மகன் என் இடுப்பில் இருந்தான். ஒன்பது வயது மகள் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அவரை நான் காணவில்லை.

இப்போது மகளுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருக்கிறது. மாப்பிள்ளை முள்ளியவளைப் பக்கம். சொந்தமாக வயலும் உழவு இயந்திரமும் வைத்திருக்கிறார், குடி இல்லை, சாதகமும் நன்றாகப் பொருந்தியிருக்கிறது. ஆவணியில் நாள் வைக்கலாம் என்று கதைத்திருந்த நேரத்தில்தான் என் கணவரின் தமையனார் கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்தார். தானும் மனைவியும் வந்து இருந்து தாரை வார்த்துக் கொடுப்பதாகவும், செலவில் பாதியைத் தானே ஏற்பதாகவும் சொன்னார். நான் நன்றி சொன்னேன். அதற்குப் பிறகு, “நீ மணவறைப் பக்கம் வராமல் இருப்பதுதான் பிள்ளைக்கு நல்லது” என்றார். அழைப்பிதழில் தம்பியின் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று போட வேண்டும், போடாவிட்டால் பார்க்கிறவர்கள் தகப்பன் எங்கே என்று கேட்பார்கள் என்றும் சொன்னார்.

அமரர் என்று யார் தீர்மானித்தார்கள்? எனக்கு ஒரு துண்டுக் கடிதம்கூட வரவில்லை. ஓர் எலும்பைக்கூட யாரும் காட்டவில்லை. 2010 இல் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து வந்து, பிள்ளைகள் இருவருடனும் தறப்பாளின் கீழ் இருந்தபோது இந்த அத்தான் எங்கே இருந்தார்? மழைக்குத் தறப்பாள் கிழிந்து, மகளும் நானும் விடிய விடிய அதைப் பிடித்துக்கொண்டு நின்ற இரவில் அவர் ஒரு தொலைபேசி எடுக்கவில்லை. 2013 இல் இந்திய வீட்டுத் திட்டத்தில் எங்களுக்கு வீடு கிடைத்தது. தந்த ஐந்தரை இலட்சம் ரூபாய் கூரை மட்டத்தோடு முடிந்துவிட்டதால், மிச்சத்துக்கு நுண்கடன் எடுத்தேன். முன் கதவை மட்டும் முதிரை மரத்தில் போட்டேன், ஏனென்றால் பழைய வீட்டுக்கும் அவர் முதிரையில்தான் கதவு போட்டிருந்தார். அந்தக் கடனைக் கட்டி முடிக்கச் சந்தியில் அப்பம் சுட்டு விற்றேன். அப்போதும் அத்தான் ஒரு தொலைபேசி எடுக்கவில்லை. இன்றைக்கு வந்து மணவறையில் இருக்கப் போகிறாராம்.

மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள்தான். ரொக்கம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் எங்கள் வழக்கப்படி வீட்டையும் காணியையும் மகளின் பெயரில் எழுதித் தரும்படி கேட்கிறார்கள். அதில் பிழை இல்லை, என் தாயும் எனக்கு அப்படித்தான் தந்தார். ஆனால் இந்தக் காணி அரசாங்கம் என் கணவரின் பெயரில் தந்த அனுமதிப்பத்திரக் காணி. அலுவலகத்தில் விசாரித்தால், மரணச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வாருங்கள், பிறகு பெயரை மாற்றலாம் என்கிறார்கள். அதை எப்படி நான் போய் எடுப்பது? என் கையால் கையெழுத்து வைத்து அவரைச் சாகடிப்பதா? அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். 2017 மாசியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் அம்மாமார் போராட்டம் தொடங்கியபோது நானும் போய் இருந்தவள். அவருடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, இன்றைக்கு ஒரு காணி உறுதிக்காகப் போய் மரணச் சான்றிதழ் எடுத்தால், என்னோடு இருந்தவர்களின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஊரவர்களின் கதையும் ஒரு பக்கம். நான் இன்றும் குங்குமம் வைக்கிறேன். தாலிக்கொடியை 2009 மாசியில் மாத்தளனில் அரிசிக்காக விற்றுவிட்டேன், இப்போது கழுத்தில் இருப்பது மஞ்சள் கயிறுதான். அதையும் பார்த்துவிட்டுக் கதைக்கிறார்கள். ஆடி அமாவாசை அன்று ஊரெல்லாம் இறந்த தகப்பனுக்கு விரதம் பிடித்து, விரதச் சமையலுக்குக் காத்தோட்டிக்காய் தேடித் திரியும்போது, நான் காலையிலேயே மீன் வாங்கிக் குழம்பு வைப்பேன். பக்கத்து வீட்டுக்கு மணக்கட்டும் என்றே வைப்பேன். என் பிள்ளைகளுக்குத் தகப்பன் இருக்கிறார். அப்படித்தான் இத்தனை வருடமும் அவர்களை வளர்த்தேன்.

மகளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. உயர்தரம் முடித்த கையோடு ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். விடிய ஐந்தரைக்குப் பேருந்து ஏறினால் இருட்டின பிறகுதான் வருவாள். கடைசிக் கடனைக் கட்டி முடித்தது அவள்தான், தம்பியின் ரியூசன் காசும் அவளுடையதுதான். அவள் எனக்கு ஓர் ஆம்பிளைப்பிள்ளை மாதிரி. இரவில் முன் அறையில் பாய் போட்டு அவள்தான் படுப்பாள். கதவுக்கு நாங்கள் தாழ்ப்பாள் போடுவதில்லை, வெறுமனே சாத்தி வைப்போம். முகாமிலிருந்து வந்த நாள்தொட்டு அப்படித்தான் பழக்கம். நாய் குரைத்தாலும் எனக்கு முதல் அவள் எழும்பிவிடுவாள். தம்பி உள் அறையில் படுப்பான், அவன் சின்னப்பிள்ளை. இந்தக் கலியாணக் கதை வந்தபோது அவள் வேறொன்றும் சொல்லவில்லை, “அப்ப முன் கதவை ஆரம்மா பாக்கிறது?” என்று மட்டும் கேட்டாள். அது சின்னப்பிள்ளைக் கதை, நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. அதை விடுங்கள்.

எனக்கு இருக்கிற பிரச்சினை அத்தான்தான். இத்தனை வருடமும் ஒரு தொலைபேசி எடுக்காதவர், என்னை மணவறையிலிருந்து விலக்கிவிட்டு என் பிள்ளையைத் தாரை வார்ப்பது நியாயமா? நான் வேண்டாம் என்று சொன்னால் அவர் பக்கத்துச் சொந்தங்கள் ஒருவரும் கலியாணத்துக்கு வர மாட்டார்கள். சொன்னபடி செய்தால், என் கணவரை நானே அமரராக்கியவள் ஆவேன். நான் மணவறையில் நின்றால் பிள்ளைக்குக் கூடாது என்பது உண்மையா? மரணச் சான்றிதழ் எடுக்காமல் காணியை எழுத வழி இருக்கிறதா? யோசித்து யோசித்து நித்திரை போய்விட்டது. எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

பெயர் குறிப்பிட விரும்பாத தாய்,
கிளிநொச்சி மாவட்டம்

*

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். உங்கள் அத்தானைப் பற்றி நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியிலும் இருக்கிற நோவு எனக்கு விளங்குகிறது. ஆனாலும் என்னை நிறுத்திய இடம் அது இல்லை. “அதை விடுங்கள்” என்று எழுதி நீங்கள் கடந்துபோன நாலைந்து வரிகளை என்னால் கடக்க முடியவில்லை.

“அப்ப முன் கதவை ஆரம்மா பாக்கிறது?”

இது சின்னப்பிள்ளைக் கதை இல்லை, சகோதரி. 25 வயதுப் பெண் ஒருத்தி, தன் கலியாணப் பேச்சு நடக்கும்போது, மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று கேட்காமல், கூறை என்ன நிறம் என்று கேட்காமல், இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டிருக்கிறாள். வீட்டில் தனக்கு ஒப்படைக்கப்பட்ட வேலை எது என்று அவள் விளங்கி வைத்திருக்கிறாளோ, அதையே கேட்டிருக்கிறாள். வேலையை விட்டுப் போகிறவர்கள் சாவியை யாரிடம் கொடுப்பது என்று கேட்பதைப் போன்ற கேள்வி அது. அதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. பதில் உங்களிடம் இருக்கவில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். எங்கள் வழக்கப்படி வீடு மகளுக்கு என்றால், மாப்பிள்ளை பெரும்பாலும் அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். அவள் வீட்டை விட்டுப் போகப் போவதாக உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. அப்படி இருந்தும் கதவை யார் பார்ப்பது என்று கேட்கிறாள். கலியாணமான பெண் முன் அறையில் பாய் போட்டுப் படுக்க முடியாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதைவிட ஆழமாக இன்னொன்றும் தெரிந்திருக்கிறது. அந்த வீட்டுக்குள் ஓர் ஆண் உரிமையோடு வந்து இருந்தால், நீங்கள் 16 வருடங்களாக வெறுமையாக வைத்திருக்கும் இடத்தில் அவர் கால் படும். அதை நீங்கள் தாங்குவீர்களா என்று அவள் உங்களிடம் நேரே கேட்க மாட்டாள். அதனால் கதவைப் பற்றிக் கேட்டிருக்கிறாள்.

அமெரிக்க உளவியலாளர் போலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு 1970 களில் வேலை செய்தவர். இறந்தார் என்றும் சொல்ல முடியாத, இருக்கிறார் என்றும் சொல்ல முடியாத இந்த இழப்பைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்ற கருத்தாக வகுத்தவர் அவர்தான். இது அந்தக் குடும்பத்தின் நோய் இல்லை, அந்த நிலைமைதான் நோயானது என்பது அவருடைய உறுதியான கருத்து. முடிவு தெரியாத ஒன்றுக்கு மனத்தில் முடிவு கட்டும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்றும் அவர் சொல்கிறார். நானும் உங்களை வற்புறுத்தப் போவதில்லை. உங்கள் கணவர் இருக்கிறார் என்று நம்புவதற்கும் காத்திருப்பதற்கும் உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. குங்குமமும் மஞ்சள் கயிறும் உங்களுடையவை, ஊரவர்களுக்கு அதில் ஒரு கதையும் இல்லை.

ஆனால் அதே உளவியலாளர் இன்னொன்றையும் கவனித்தார். இப்படியான வீடுகளில் யார் உள்ளே இருக்கிறார், யார் இல்லை என்ற எல்லை மங்கிப்போய்விடுகிறது. போனவரின் இடம் வெறுமையாகவும் இருக்காது, நிரம்பவும் மாட்டாது, யாரோ ஒரு பிள்ளை அதன் வாசலில் நிறுத்தப்பட்டுவிடும். போருக்குப் பின்னான எங்கள் வன்னியில் அப்படி நிறுத்தப்பட்ட மூத்த பெண்பிள்ளைகள் பலரை நான் கண்டிருக்கிறேன். ஊர் அவர்களை மெச்சும். தாய்மாரும் பெருமையோடு, “அவள் எனக்கு ஆம்பிளைப்பிள்ளை மாதிரி” என்பார்கள், நீங்களும் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பாராட்டு எனக்கு எப்போதும் நெஞ்சில் குத்தும். ஒரு பெண்ணின் உழைப்பை அவளுடைய பெயரில் பதியாமல், வராத ஓர் ஆணின் கணக்கில் பதிகிற பாராட்டு அது. தகப்பனின் வருமானத்தை அவள் கொண்டுவருகிறாள், தகப்பனின் கடனைக் கட்டுகிறாள், தகப்பன் படுத்திருக்க வேண்டிய முன் அறையில் படுக்கிறாள். 18 வயது மகன் உள் அறையில் படுக்கிறான், அவன் உங்களுக்கு இன்னும் சின்னப்பிள்ளை. அவளுக்குச் சின்னப்பிள்ளையாக இருக்க ஒன்பது வயது வரைக்கும்தான் இடம் கிடைத்தது.

இங்கே நான் உங்கள் பக்கம் நிற்கவில்லை, சகோதரி, மன்னிக்க வேண்டும். பிள்ளைகளுக்காக நீங்கள் பட்டவை எல்லாம் உண்மை. தறப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்ற இரவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அத்தான் தொலைபேசி எடுக்கவில்லை என்று சொல்வதற்காகத்தான் அதை எழுதினீர்கள். எனக்கு அதில் வேறொரு படம் தெரிந்தது. அந்தத் தறப்பாளின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு நின்ற பத்து வயதுப் பிள்ளை தெரிந்தாள். அவள் இன்னும் கையை எடுக்கவில்லை.

எங்கள் வடபுலத்தின் பழைய வழக்கங்களை ஒல்லாந்தர் 1707 இல் தேசவழமை என்று எழுத்தில் தொகுத்தார்கள். அந்தத் தொகுப்பில் முதுசம் எனப்படும் பரம்பரைச் சொத்து தந்தை வழியாக ஆண்பிள்ளைகளுக்கும், சீதனம் தாயின் வழியாகப் பெண்பிள்ளைகளுக்கும் போகும். தாயின் கையிலிருந்து மகளின் கைக்குப் போவதுதான் சீதனம் என்பதன் பழைய பொருள், மாப்பிள்ளை வீட்டாரின் கோரிக்கை என்பது பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. உங்கள் தாய் உங்களுக்கு வீடு தந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உங்கள் மகளுக்கு எதைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். காணியை இன்னும் எழுதவில்லை. ஆனால் காவலை எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அதற்கு எந்த அலுவலகத்திலும் கையெழுத்துத் தேவைப்படவில்லை.

ஆடி அமாவாசையைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்கு மணக்கட்டும் என்று நீங்கள் வைக்கும் அந்த மீன் குழம்பு, ஊருக்கு நீங்கள் சொல்லும் பதில். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் குழம்பை ஊர் சாப்பிடவில்லை, உங்கள் மகள்தான் சாப்பிடுகிறாள். ஒரு தடவையாவது அவளிடம் கேட்டீர்களா? தகப்பன் இருக்கிறார் என்று நம்புகிறாளா, இல்லை என்று நினைக்கிறாளா, அல்லது ஒரு நாள் இப்படியும் மறு நாள் அப்படியுமாக இருக்கிறாளா? அவர் உங்களுக்குக் கணவர், அவளுக்கு அப்பா. உங்கள் நம்பிக்கையை யாரும் தீர்மானிக்கக் கூடாது என்று நீங்கள் கேட்பது நியாயம். அதே நியாயம் அவளுக்கும் வேண்டும். உங்களுக்குத் தெரியாமல் அழுவதற்கு அவளுக்கு இந்த வீட்டில் ஓர் இடம் இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, ஏனென்றால் அவள் படுத்திருந்தது வாசலில்.

இனி நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன்.

தாரை வார்ப்பதை நீங்களே செய்யுங்கள். பெற்றவள் தன் பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுப்பதால் பிள்ளைக்குக் கெடுதி வரும் என்பதை நான் நம்பவில்லை. போருக்குப் பிறகு வன்னியில் தாய்மார் தனியே நின்று தாரை வார்த்த கலியாணங்களுக்கு நானே போயிருக்கிறேன், அந்தப் பிள்ளைகள் நன்றாக வாழ்கிறார்கள். உங்கள் குருக்களோடு முன்கூட்டியே கதைத்து வையுங்கள். பால் அறுகு வைக்கும்போதும் முதலில் உங்கள் கை இருக்கட்டும். அழைப்பிதழில் உங்கள் கணவரின் பெயரை முன்னொட்டு எதுவும் இல்லாமல் போட்டு, உங்கள் பெயரைப் பக்கத்தில் போடுங்கள். அவர் எங்கே என்று கேட்பவர்களுக்கு, தேடிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லலாம், அது உண்மையான பதில். வன்னியில் அந்தப் பதிலைக் கேட்டு யாரும் விளங்காமல் நிற்க மாட்டார்கள்.

உங்கள் அத்தானை வர வேண்டாம் என்று சொல்ல வேண்டாம். அவர் செய்தது பிழை, நீங்கள் கஷ்டப்பட்ட காலத்தில் காணாமல் இருந்துவிட்டு இன்று மணவறையில் முன்னுக்கு இருக்க நினைப்பது பெரும் பிழை. ஆனால் அவரும் ஒரு தம்பியை இழந்தவர். பாலத்தடியில் நின்று பார்க்கவும் அவருக்குக் கிடைக்கவில்லை. கடல் கடந்து இருப்பவர்கள் பலருக்கு, கையில் பிடிக்க ஒரு முடிவு வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் அவர் ‘அமரர்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. தன் மனதில் அவர் அப்படி வைத்துக்கொள்ளட்டும், உங்கள் அழைப்பிதழில் அது வராது என்று அமைதியாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள். பெரியப்பாவாக வந்து மாப்பிள்ளையை வரவேற்கட்டும். அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது.

மரணச் சான்றிதழ் பற்றி: போரில் காணாமற்போய் ஒரு வருடத்துக்கு மேலாகியும் தகவல் இல்லாதவர்களின் மரணத்தைப் பதிவு செய்ய 2010 இல் ஒரு சட்டம் வந்தது. உங்களைப் போன்ற பலர் அதை ஏற்க மறுத்தார்கள். அந்தச் சட்டத்தை 2016 இல் திருத்தியபோது, இறந்தார் என்று சொல்லாமல், காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்துகிற ஒரு சான்றிதழுக்கும் இடம் வைத்தார்கள். அதை எடுப்பதால் உங்கள் கையால் யாரையும் சாகடித்தவர் ஆக மாட்டீர்கள், தேடலும் நிற்காது. கோவிலடியில் உங்களோடு இருந்த அம்மாமாரில் பலர் விடை தெரியாமலே கண்ணை மூடிவிட்டார்கள். எந்தச் சான்றிதழை வைத்திருந்தாள் என்று பார்த்து ஒரு தாயை மற்றத் தாய் தீர்ப்பிட்டதை நான் கண்டதில்லை. அனுமதிப்பத்திரக் காணி, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. அரசின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது, காணிக்காரருக்குப் பிறகு அது யாருக்கு உரித்து என்பதையும் அந்தச் சட்டமே சொல்கிறது. ஆகவே கருமபீடத்தில் ஒருவர் வாயால் சொன்னதோடு திரும்பி வராமல், பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்திலும் ஆலோசனை பெறுங்கள். இதற்குக் காலம் எடுக்கும். ஆவணிக்குள் முடியாமலும் போகலாம். அதை இப்போதே மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவர்கள் கேட்கக்கூடிய மனிதர்கள். காணி அலுவல் முடியும்வரை பொறுக்க மாட்டோம் என்றால், அதையும் கலியாணத்துக்கு முன்னரே அறிந்துகொள்வது நல்லது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னர் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மகளின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். “நான் பாக்கிறன் பிள்ளை” என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

அன்று இரவே அவளுடைய பாயை முன் அறையிலிருந்து எடுங்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுங்கள், அதை அவளைக் கொண்டு செய்விக்காமல் உங்கள் கையால் போடுங்கள். இது உங்களுக்குக் கொடுமையாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும். யோசித்துப் பாருங்கள், அந்த முதிரைக் கதவை உங்கள் கணவர் கண்டதில்லை. அவர் விட்டுப்போன வீடும் வேறு, போட்ட கதவும் வேறு. அவர் வருவதாக இருந்தால் கதவைத் தேடி வர மாட்டார், உங்களைத் தேடித்தான் வருவார். தருமபுரச் சந்தியில் இறங்கி, அப்பம் சுடுகிற உங்கள் பெயரைச் சொன்னால் யாரும் படலை வரை கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். தாழ்ப்பாள் போட்ட கதவைத் தட்டலாம். எழும்பிப் போய்த் திறக்க நீங்கள் இருக்கிறீர்கள், உங்களுக்குப் பிறகு 18 வயது மகன் இருக்கிறான். முதல் சில இரவுகள் உங்களுக்கு நித்திரை வராது. அவளுக்கும் வராது, பழக்கத்தில் எழும்பி வருவாள். திரும்பவும் படுக்கச் சொல்லி அனுப்புங்கள்.

சில கிழமைகள் போகட்டும். அதற்குப் பிறகு கலியாணத்தைப் பற்றி அவளிடம் புதிதாகக் கேளுங்கள். இதுவரை அவள் சம்மதம் சொன்னதாகவோ மறுத்ததாகவோ உங்கள் கடிதத்தில் இல்லை. முள்ளியவளை மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருக்கலாம், பிடிக்காமலும் இருக்கலாம், சிறிது காலம் தன் சம்பளத்தில் தனக்கென்று எதையாவது வாங்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றலாம். காவலில் நிற்கிறவளிடம் கேட்டால் சரியான பதில் வராது. நித்திரை கொண்டு எழும்பியவளிடம் கேளுங்கள். அவள் ஆவணி வேண்டாம் என்றால் தை வரை பொறுங்கள்.

ஆவணிக்கு முன்னர் ஆடி அமாவாசை வருகிறது. அன்றைக்கு என்ன சமைப்பது என்று முதல் நாளே மகளிடம் கேளுங்கள். மீன் என்றால் மீனை வாங்குங்கள். காத்தோட்டிக்காய் என்று சொன்னால், ஏன் என்று கேட்காமல், காலையிலேயே சந்தைக்குப் போய்த் தேடி வாங்கி வந்து கொடுங்கள். நீங்கள் அதைச் சாப்பிட வேண்டியதில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்